வாஷருக்கு வாய் எந்தப் பக்கம்?

போன மாதம் கொளத்தூரில் ஒரு வளைகாப்பு. நலங்கு வைத்து, வளையல் போட்டு முடித்து, கலந்த சாதத் தட்டோடு ஓர் ஓரமாக உட்கார்ந்தேன். பக்கத்து நாற்காலிக்கு வந்த பெரியம்மா, தூரத்துச் சொந்தம்தான், எலுமிச்சை சாதத்தில் கடலைப்பருப்பை ஒதுக்கிக்கொண்டே கேட்டார்: "நீ ஏதோ வீடியோ போடறியாமே. எவ்ளோ வருது?"

"டீ செலவுக்கு வரும் பெரியம்மா" என்றேன். அவருக்கு அது போதவில்லை. அவர் வீட்டு எதிர்ப்பக்கத்துப் பையன் பிரியாணி சாப்பிட்டே கார் வாங்கிவிட்டானாம்.

2006இலிருந்து வலைப்பூ எழுதுகிறேன். 2014இலிருந்து அவ்வப்போது வீடியோ. எவ்வளவு வருகிறது என்று கேட்டவர்களை வைத்து ஒரு ரயில் பெட்டியை நிரப்பலாம். எதற்காக என்று கேட்டவர்கள் மூன்று பேர். அந்த மூவருக்கும் மூன்று பதில் சொல்லியிருக்கிறேன். அலுவலகத்தில் "சும்மா பொழுதுபோக்கு சார்". மகளிடம் "பின்னாடி உனக்குப் படிக்க இருக்கும்டி". பதிவர் நண்பர் ஒருவரிடம் கொஞ்சம் கெத்தாக, "ஆவணப்படுத்தணும்ல". மூன்றும் முழுப் பொய் இல்லை, முழு உண்மையும் இல்லை. இந்தக் கேள்வியை நானே உட்கார்ந்து ஒருமுறை கணக்குப் பார்த்துவிடலாம் என்றுதான் இதை எழுதுகிறேன். தொழில் புத்தி.

தொழில் என்றால், பாரிமுனையில் லிங்கிச் செட்டித் தெருவில் ஒரு தணிக்கையாளர் அலுவலகத்தில் கணக்கு எழுதுவது. வவுச்சர் போடும்போது கீழே ஒரு வரி விளக்கம் எழுத வேண்டும். அந்த வரி எப்போதும் 'பீயிங்' என்றுதான் தொடங்கும். பீயிங் கேஷ் பெய்ட் டுவர்ட்ஸ் ஆட்டோ சார்ஜ். பீயிங் டீ அண்டு காபி எக்ஸ்பென்சஸ். ஒரு நாளைக்கு நூறு வாக்கியமாவது எழுதுவேன், எல்லாம் அந்த ஒரே வாக்கியம். ஆடிட் முடிந்தால் யாரும் அதைத் திரும்பிப் பார்ப்பதில்லை. 2006இல் எனக்கு இருபத்தெட்டு வயது. கல்யாணமாகி, குழந்தை பிறந்து, மறுபடி வேலைக்கு வந்திருந்தேன். வேறு மாதிரி ஒரு வாக்கியம் எழுத வேண்டும் போலிருந்தது. அவ்வளவுதான் ஆரம்பம். பெரிய இலட்சியம் எல்லாம் கிடையாது.

வில்லிவாக்கம் ஸ்டேஷன் பக்கம் ஒரு பிரவுசிங் சென்டர், மணிக்கு இருபது ரூபாய். கணினியில் தமிழில் தட்டச்சு செய்ய உதவும் எ-கலப்பை மென்பொருள் இருக்கிறதா என்று முதலில் பார்க்க வேண்டும். இல்லையென்றால் பையனிடம் கெஞ்சி இறக்கிப் போட வேண்டும், அதற்குள் கால் மணி நேரம் போய்விடும். பிளாக்கரில் கணக்கு திறந்தேன். சொந்தப் பெயரில் எழுதத் துணிச்சல் இல்லை. 'ரசீது' என்று பெயர் வைத்துக்கொண்டேன். அப்போது தமிழ்மணம் திரட்டி என்று ஒன்று இருந்தது. யார் புதிதாக எழுதினாலும் அதன் முகப்பில் மேலே வந்து உட்காரும், அடுத்தவர் எழுத எழுதக் கீழே இறங்கும். என் பதிவு கீழே இறங்குவதைப் பார்த்துக்கொண்டே இருபது ரூபாயைக் கரைத்திருக்கிறேன்.

முதல் வருடம் நான் எழுதியதெல்லாம் ரயில். வில்லிவாக்கத்திலிருந்து சென்ட்ரல், காலையும் மாலையும். இந்தத் தடத்தில் போகிறவர்களுக்குத் தெரியும், வியாசர்பாடி ஜீவா வரை ஒழுங்காக வரும் வண்டி பேசின் பிரிட்ஜ் வந்ததும் நின்றுவிடும். சிக்னல். ஐந்து நிமிடம், சில நாள் பத்து. சென்ட்ரல் கண்ணுக்குத் தெரியும், போக முடியாது. எல்லாரையும் போல நானும் அங்கே நின்று கடிகாரத்தைப் பார்த்துப் பல் கடித்தவள்தான். எழுத ஆரம்பித்த பிறகு ஒரு நாள், இன்று இந்த நிறுத்தத்தைப் பற்றி எழுதலாமே என்று தோன்றியது. எழுதுவதற்கு என்ன இருக்கிறது என்று சுற்றிப் பார்த்தேன்.

லேடீஸ் பெட்டியில் பூக்காரம்மா ஒருவர் வருவார். வண்டி ஓடும்போது கட்டமாட்டார், ஆட்டத்தில் நார் நழுவும். பேசின் பிரிட்ஜில் நின்றதும் மடியிலிருந்து உதிரி மல்லியை எடுத்து மளமளவென்று கட்டுவார். இரண்டு பூ இந்தப் பக்கம், இரண்டு பூ அந்தப் பக்கம், ஒரு சுற்று, ஒரு இழுப்பு. சிக்னல் விழுந்து வண்டி அசையும்போது முழங்கையிலிருந்து விரல் நுனி வரை அளந்து பார்ப்பார். அவருக்கு அந்த நிறுத்தம் இரண்டு முழம். நாலு வருடமாக அதே பெட்டியில்தான் போய்க்கொண்டிருந்தேன். அன்றுதான் பார்த்தேன்.

யாரிடமாவது சொல்லப்போகிறோம் என்ற நினைப்பு இருந்தால்தான் எனக்குக் கண் தெரிகிறது. இது நல்ல குணமா என்று தெரியவில்லை. யாரிடமும் சொல்லாமலே எல்லாவற்றையும் கவனிக்கிற மனிதர்கள் இருக்கிறார்கள், என் அம்மா அப்படி. எனக்கு அது வராது. என் எழுத்துக்கு நான் கொடுக்கக்கூடிய காரணங்களில் இதுதான் கொஞ்சம் நேர்மையானது.

மற்ற காரணங்கள் அவ்வளவு கௌரவமானவை அல்ல. வலைப்பூவின் ஓரத்தில் வருகையாளர் எண்ணிக்கைப் பெட்டி ஒன்று வைத்திருந்தேன். பாதி வருகை நானேதான். மெரினா காந்தி சிலைக்குப் பின்னால் ஒரு பதிவர் சந்திப்புக்குப் போனேன். சுண்டல் தின்றுகொண்டிருந்த ஒருவர் "ஓ, ரசீது நீங்கதானா?" என்றார். அந்த 'ஓ'வை வைத்து ஆறு மாதம் எழுதினேன்.

அப்புறம் கூட்டம் கலைந்தது. ஃபேஸ்புக் வந்து ஆளாளுக்கு அங்கே போனார்கள். வலைப்பூக்களை ஒரே இடத்தில் சேர்த்துப் படிக்க உதவிய கூகுள் ரீடரை 2013 ஜூலை 1 அன்று மூடினார்கள். நாலு பேர் எனக்கு மிச்சமிருந்ததும் அதன் வழியாகத்தான். அப்போதும் வாரம் ஒரு பதிவு எழுதிக்கொண்டுதான் இருந்தேன். யாருக்காக என்று கேட்டால், எங்கள் வீட்டு சமையலறைக் கதவின் பின்பக்கத்தைத்தான் காட்டுவேன்.

அப்பா ஐ.சி.எஃப்.இல் ஃபிட்டர். நேரு வந்து 1955இல் தொடங்கிவைத்த, பெரம்பூர் ரயில் பெட்டித் தொழிற்சாலை. அப்பா சேர்ந்தது 1963இல், வெளியே வந்தது 2001இல். அவருக்கு எதையும் எழுதிவைக்க வேண்டும். கேஸ் சிலிண்டர் மாற்றிய தேதியைக் காலண்டரில் எழுதுவது எல்லார் வீட்டிலும் உண்டு. அப்பாவுக்குக் காலண்டர் போதாது, வருடம் முடிந்தால் போய்விடும் என்பார். அதனால் கதவின் பின்பக்கத்தில், பச்சை பெயின்ட்டின் மேல், சாக்பீசில் எழுதுவார். முக்கியமானது என்றால் ஆணியால் கீறுவார். 'வாஷர் மாற்றியது 12-6-83.' 'மாமரம் முதல் பிஞ்சு.' 'பாப்பா ஸ்கூல்.' தண்ணீர்ப் பஞ்சம் வந்த அந்த 83இல் கதவு நெருக்கமாக நிறைந்திருக்கும், லாரி வந்த நாள், வராத நாள், எத்தனை குடம். விருந்தாளி யாரும் அந்தக் கதவைப் பார்த்ததில்லை, திறந்தால் சுவரோடு ஒட்டிக்கொள்ளும். ஏன் எழுதுகிறீர்கள் என்று அவரை யாரும் கேட்டதில்லை. அவரும் சொன்னதில்லை.

பெரம்பூரில் 1709இல் பிறந்தவர் ஆனந்தரங்கப் பிள்ளை. புதுச்சேரிக்குப் போய் பிரெஞ்சுக்காரர்களிடம் துபாஷியாக, அதாவது மொழிபெயர்ப்பாளராக, இருந்து, 1736இலிருந்து 1761 வரை இருபத்தைந்து வருடம் தினசரி எழுதினார். கப்பல் வந்தது, துரை கோபித்தது, யார் யாரிடம் எவ்வளவு வாங்கினார்கள், எல்லாம். அவர் போன பிறகு பல பத்தாண்டுகள் அது வெளியே தெரியாமலே கிடந்தது. எங்கள் ஏரியாக்காரர் என்பதால் எனக்கு அவர்மேல் ஒரு பாசம். அப்பாவின் கதவுக்கும் அவருக்கும் ஏணி வைத்தாலும் எட்டாது என்பது தெரியும். ஆனாலும் பெரம்பூர்க் காற்றில் ஏதோ இருக்கிறது.

சரி, வீடியோவுக்கு வருகிறேன்.

அதற்குக் காரணம் என் தம்பி. 2014இல் ஆவடியில் ஒரு பழைய வீடு வாங்கினான். அதில் அடிபம்பு. எங்கள் வீட்டில் இருந்ததைப் போலவே வார்ப்பிரும்பு உடம்பு, நீளக் கைப்பிடி, மூன்று இஞ்ச் சிலிண்டர். அடித்தால் 'கீச் கீச்' என்கிறதே தவிர தண்ணீர் ஏறவில்லை. அப்பா ஃபோனில் விளக்கினார். அப்பாவுக்கு ஐ.சி.எஃப். ஷெல் ஷாப்பில் முப்பத்தெட்டு வருடம் தகரம் அடிக்கிற சத்தத்தில் நின்று காது மந்தம். தம்பி கேட்பது அவருக்கு விழாது, அவர் சொல்வது அவனுக்குப் புரியாது. இரண்டு நாள் இந்தக் கச்சேரி. மூன்றாம் நாள் ஞாயிற்றுக்கிழமை, நம் வீட்டுப் பம்பை நீங்கள் கழற்றுங்கள், நான் ஃபோனில் பிடிக்கிறேன் என்றேன்.

அதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். முதலில் தலையில் இருக்கிற போல்ட்டுகள். துரு ஏறி ஒட்டியிருந்தன. அப்பா அவசரப்படவில்லை. கொஞ்சம் மண்ணெண்ணெய் விட்டு, ஸ்பேனரின் பின்பக்கத்தால் மெல்லத் தட்டி, கழுத்தைத் திருப்பிவிடுகிற மாதிரி ஒரு அரைத் திருப்பு. தலை வந்ததும் உள்ளே இருந்த தண்டை இழுத்தார். அதன் அடியில் தோல் வாஷர், சின்னக் கிண்ணம் மாதிரி இருக்க வேண்டியது, பொரித்த அப்பளம் போலச் சுருங்கிக் கிடந்தது. அதைச் சிலிண்டருக்குள் விட்டுக் காட்டினார், சுற்றிலும் விரல் நகம் நுழைகிற இடைவெளி. "இதுதான் நோய்" என்றார்.

தண்டு மேலே ஏறும்போது அதன் அடியில் காற்று குறைகிறது. வெளியில் இருக்கிற காற்று அழுத்தி, குழாயில் தண்ணீரை மேலே தள்ளுகிறது. நாம் இழுப்பதாக நினைத்துக்கொள்கிறோம், தூக்குவது என்னவோ காற்றுதான். அதனால்தான் கணக்குப்படி பத்து மீட்டருக்குக் கீழே தண்ணீர் போய்விட்டால் எப்பேர்ப்பட்ட பயில்வான் அடித்தாலும் ஏறாது, நடைமுறையில் ஏழு மீட்டரே அதிகம். வாஷர் சிலிண்டரோடு ஒட்டி உட்காரவில்லை என்றால் இந்த வித்தை எதுவும் நடக்காது. புது வாஷரை முதல் நாள் இரவே எண்ணெயில் ஊற வைத்திருந்தார். அது பதமாக, அப்போதுதான் எடுத்த பணியாரம் போல மெத்தென்றிருந்தது. போட்டார், முடுக்கினார், ஒரு சொம்புத் தண்ணீரைத் தலையில் ஊற்றினார். பத்து அடி. வந்தது.

ஆறு நிமிடம் ஓடுகிற வீடியோ. தம்பிக்கு வாட்ஸாப்பில் அனுப்பப் பார்த்தேன், போகவில்லை, 16 எம்.பி.க்கு மேல் போகாது அப்போது. யூடியூபில் ஏற்றிச் சுட்டியை அனுப்பினேன். லிங்க் வைத்திருக்கிறவர்கள் மட்டும் பார்க்கும்படி வைக்க வழி உண்டு என்பது எனக்குத் தெரியாது. ஊருக்கே திறந்து கிடந்தது. என் வீடியோ வாழ்க்கையின் தொடக்கம் இதுதான். ஒரு அளவுக் கட்டுப்பாடும் ஒரு அறியாமையும். யூடியூபில் முதன்முதலில் ஏறிய வீடியோவே 2005 ஏப்ரல் 23 அன்று ஏறிய 19 விநாடிதான். நிறுவனர்களில் ஒருவர் மிருகக்காட்சி சாலையில் யானைக்கு முன்னால் நின்று, இதற்குத் தும்பிக்கை ரொம்ப நீளம் என்று சொல்லிவிட்டுப் போய்விடுகிறார். அவரும் பெரிய காரணத்தோடு ஏற்றியிருப்பார் என்று எனக்குத் தோன்றவில்லை.

ஐந்து வருடம் அந்த வீடியோ சில நூறு பார்வைகளோடு தூங்கியது. நடுவில் அம்மியைக் கொத்துகிறவர், சாணை பிடிக்கிறவர், குடை ரிப்பேர் என்று இன்னும் சில போட்டேன்.

2019 கோடை. பூண்டி, சோழவரம், செங்குன்றம், செம்பரம்பாக்கம், நாலு ஏரியும் வற்றின. குழாயில் தண்ணீர் வந்தாலும் அழுத்தம் இல்லை. இணைப்பில் நேரடியாக மோட்டார் வைத்து உறிஞ்சுவது சட்டவிரோதம். ஆக, மோட்டார் வந்த பிறகு மூலையில் துணி காயப்போடுகிற கம்பியாகிவிட்ட அடிபம்புகளுக்கு எல்லாரும் திரும்பினார்கள். அடித்துப் பார்த்தால் கீச் கீச். வாஷர் காய்ந்துவிட்டது. ஃபோனில் தேடியிருக்கிறார்கள். அப்பாவின் கைகள் கிடைத்திருக்கின்றன.

ஜூலை 12ஆம் தேதி ஜோலார்பேட்டையிலிருந்து முதல் தண்ணீர் ரயில் எங்கள் வில்லிவாக்கத்துக்குத்தான் வந்தது. ஐம்பது வேகன், ஒவ்வொன்றிலும் 50,000 லிட்டர். ஊரே வேடிக்கை பார்க்கப் போனது, நானும் போனேன். வாழை மரம் கட்டி அலங்கரித்த ரயிலைப் பார்த்துக்கொண்டு நிற்கும்போது கையில் ஃபோன் அதிர்ந்தது, எண்ணிக்கை இன்னொரு ஆயிரம் தாண்டியதாக. ஊர் குடத்தோடு அலைய அலைய என் கணக்கு ஏறுகிறது. சந்தோஷமாக இருந்தது. அதைச் சொல்லாமல் விட்டால் இந்தக் கட்டுரைக்கு அர்த்தமில்லை. சந்தோஷமாகத்தான் இருந்தது.

அந்தச் சந்தோஷத்தில் ஒரு காரியம் செய்தேன்.

எங்கள் தெருவுக்கு லாரி வந்த ஒரு நாள், குடம் வரிசையில் சண்டை. இடம் பிடிக்க வைத்திருந்த ஓட்டைக் குடத்தை யாரோ நகர்த்திவிட்டார்கள். மூன்று வீடு தள்ளி இருக்கும் அம்மா, எங்களுக்கெல்லாம் இட்லி மாவு அரைத்து விற்பவர், இடுப்பில் முந்தானையைச் செருகிக்கொண்டு வாய்க்கு வந்தபடி திட்டினார். மாடியிலிருந்து நாற்பது விநாடி பிடித்தேன். 'தண்ணீருக்காகக் குடுமிப்பிடி!!' என்று தலைப்பு, இரண்டு ஆச்சரியக்குறி. சிவப்பு அம்பு ஒன்றும் போட்டேன். இரண்டே நாளில் அப்பாவின் வாஷர் ஐந்து வருடத்தில் பார்த்ததைவிட அதிகம் பேர் பார்த்தார்கள்.

மூன்றாம் நாள் சாயங்காலம் அவர் மகன் வந்தான். கல்லூரி இரண்டாம் வருடம். சத்தம் போடுவான் என்று எதிர்பார்த்தேன். கேட்டுக்கு வெளியே நின்றபடி, "அக்கா, எங்க அம்மா எங்க காலேஜ் குரூப்ல வந்துட்டாங்க" என்றான். அவ்வளவுதான். அவன் இருக்கும்போதே அழித்தேன். என்னிடமிருந்து போய்விட்டது, மற்ற ஃபோன்களிலிருந்து போகவில்லை. அந்த அம்மா இன்றுவரை இதைப் பற்றி ஒரு வார்த்தை பேசியதில்லை. நான் டப்பாவோடு போனால் மட்டும் எப்போதும் மாவு தீர்ந்துபோயிருக்கும். அன்றிலிருந்து யாருடைய முகத்தையும் பிடிப்பதில்லை. கைகள் மட்டும்.

காசு விஷயத்தையும் சொல்லிவிடுகிறேன், பெரியம்மா இதைப் படிக்கமாட்டார் என்றாலும். 2018இல் யூடியூப் வைத்த விதிப்படி 1,000 சந்தாதாரர்களும் கடந்த 12 மாதத்தில் 4,000 மணி நேரப் பார்வையும் இருந்தால்தான் விளம்பரப் பணம். அதாவது 2,40,000 நிமிடம். பஞ்சம் புண்ணியத்தில் அதைத் தொட்டேன். கணக்கில் 10 டாலர் சேர்ந்ததும் விலாசத்தைச் சரிபார்க்கத் தபாலில் ஒரு எண் அனுப்புவார்கள். தபால்காரர் வந்து கொடுத்த அந்த வெள்ளை உறையை அப்பா பிரிக்கவே விடவில்லை, பூஜை அலமாரியில் வைத்துவிட்டார். 100 டாலர் சேர்ந்தால்தான் வங்கிக்கு வரும். அந்த வருடம் மழையும் வந்தது, ஏரிகளும் கொஞ்சம் கொஞ்சமாகத் தேறின, ஜனங்கள் வாஷரை மறந்தார்கள். 100 டாலர் சேர எனக்கு இரண்டரை வருடம் ஆனது. ஏழாயிரத்துச் சொச்சம் ரூபாய்.

"இதுல எனக்கு எவ்ளோ?" என்றார் அப்பா.

பாதி கொடுத்தேன். போஸ்ட் ஆபீசில் போட்டுவிட்டு வந்து கதவின் பின்னால் எழுதினார்: 'கை கூலி 3,700.' அதுதான் அந்தக் கதவில் அவர் எழுதிய கடைசி வரிகளில் ஒன்று. 2022இல் வீட்டை இடித்து அடுக்குமாடி கட்டக் கொடுத்தோம். இடிப்பதற்கு முந்தின நாள் கதவை நாலு நிமிடம் படம் பிடித்தேன், மேலிருந்து கீழ், வரி வரியாக. மறுநாள் பழைய மரச் சாமான் எடுக்கிறவர் ஜன்னல்களோடு சேர்த்து அதையும் வண்டியில் ஏற்றினார். தேக்கு, நல்ல விலை. பெயின்ட்டைச் சுரண்டிவிட்டு வேறு எங்கோ ஒரு வீட்டில் கதவாக இருக்கும். அந்த நாலு நிமிட வீடியோவை இதுவரை அறுபது பேர் பார்த்திருக்கிறார்கள். அடிபம்பும் அன்றே காயலான் கடைக்குப் போனது.

அப்பாவுக்கு இப்போது எண்பத்து நாலு. புது ஃபிளாட்டில் மூன்றாவது மாடி. கீறுவதற்குக் கதவு இல்லை, எல்லாம் லாமினேட். அதற்குப் பதிலாக தினமும் காலை காபியோடு என்னிடம் கேட்பார்: "இன்னிக்கு எவ்ளோ?" பணத்தை அல்ல, பார்வையை. டெஸ்ட் மேட்ச் ஸ்கோர் கேட்கிற மாதிரி. பன்னிரண்டு கூடியிருக்கிறது என்றால் தலையாட்டிக்கொள்வார். வாழ்நாள் முழுக்கக் கதவுக்குப் பின்னால் எழுதிய மனுஷன்! எண்ணிக்கையைப் பார்ப்பதை நான்கூட விட்டுவிட்டேன் (சரி, குறைத்துவிட்டேன்), அவருக்காகத்தான் தினமும் திறக்க வேண்டியிருக்கிறது.

போன தீபாவளிக்குத் தம்பி அவருக்குக் காதுக் கருவி வாங்கிக் கொடுத்தான். முதல் வாரம் ஃபிரிட்ஜ் சத்தம் போடுகிறது, மின்விசிறி பேசுகிறது என்று புகார். இரண்டாம் வாரம் தன் வீடியோவைப் போட்டுப் பார்த்திருக்கிறார். பத்து வருடமாக அதை அவர் பார்த்ததெல்லாம் ஊமைப் படமாக. முதன்முறையாகத் தன் குரலைக் கேட்டார்.

நான் அலுவலகத்திலிருந்து வந்தபோது முகம் இருண்டிருந்தது. "நான் தப்பு சொல்லிருக்கேன்."

நாலாவது நிமிடத்தில், வாஷரைத் தண்டில் மாட்டும்போது, "வாய் கீழ பாத்த மாதிரி போடணும்" என்கிறார். கை சரியாகத்தான் போடுகிறது, கிண்ணத்தின் வாய் மேலே பார்த்தபடி. அப்படி இருந்தால்தான் தண்ணீரின் எடை அதை விரித்துச் சிலிண்டரோடு ஒட்ட வைக்கும். கவிழ்த்துப் போட்டால் எவ்வளவு அடித்தாலும் நழுவிவிடும். கை ஒன்று செய்ய, வாய் வேறு சொல்லியிருக்கிறது. நான் எத்தனையோ முறை பார்த்திருக்கிறேன், எனக்கும் தெரியவில்லை. பார்த்தவர்கள் கையைத்தான் பார்த்திருப்பார்கள் அப்பா, விடுங்கள் என்றேன்.

"பாக்காம காதுல கேட்டுக்கிட்டே போட்டவன் ஒருத்தனாவது இருப்பான்ல? அவன் தண்ணி வராம என்ன பண்ணிருப்பான்?"

ஏற்றிய வீடியோவை மாற்ற முடியாது, வேண்டுமானால் அந்தத் துண்டை வெட்டலாம், ஆனால் மாட்டுவதும் அதோடு போய்விடும் என்று விளக்கினேன். வீடியோவின் கீழே திருத்தம் எழுதினேன், தெளிவாக இரண்டு வரி. அவரிடம் காட்டினேன். "எழுத்தை எவன்மா படிக்கிறான்?" என்றார். பத்தொன்பது வருடமாக எழுதுகிறவளிடம்.

மறுபடி எடுக்க வேண்டும் என்பதில் உறுதியாக இருந்தார். எங்களிடம் பம்பு இல்லை. தம்பி வீட்டில் அதை எப்போதோ எடுத்துவிட்டான். அன்றிலிருந்து அவருடைய காலை நடை பம்பு தேடும் நடையானது. கேட் வழியாக அடுத்தவர் வீட்டு முற்றத்தை எட்டிப் பார்க்கிறார் என்று ஒரு புகார்கூட வந்தது. மார்கழி போய், சித்திரையும் போய், ஒரு வழியாக அகத்தீஸ்வரர் கோயில் பக்கத்துச் சந்தில் ஒரு பழைய வீட்டில் கண்டுபிடித்தார். கைப்பிடியில் கொடிக் கயிறு கட்டியிருந்தது. "அது ஓடாதுங்களே, பத்து வருஷமாச்சு" என்றார் வீட்டுக்கார அம்மா. "ஓடாததுதாம்மா வேணும்" என்றார் அப்பா.

வாஷருக்கு வில்லிவாக்கம் ஹார்டுவேர் கடைகளில் கேட்டோம், சிரித்தார்கள். கடைசியில் லிங்கிச் செட்டித் தெருவிலேயே, என் அலுவலகத்துக்கு ஐந்து கடை தள்ளி, தினமும் கடந்து போகிற கடையில் கிடைத்தது. பெரியவர் ஒருவர் "எத்தனை இஞ்ச்?" என்று மட்டும் கேட்டார். "மூணு" என்றேன். உள்ளே போய், தூசி தட்டி, எடுத்து வந்தார். இரவு விளக்கெண்ணெயில் ஊறப் போட்டோம். அப்பா நடுவில் இரண்டு முறை எழுந்து போய் அழுத்திப் பார்த்தார்.

போன ஞாயிற்றுக்கிழமை காலை. அப்பா இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டையில், தலை வாரி, திருநீறு பூசி வந்து நின்றார். "எதுக்குப்பா இதெல்லாம், கை மட்டும்தானே எடுக்கப்போறேன்" என்றேன்.

"இந்தத் தடவை மூஞ்சியும் எடு. தப்பு சொன்னவன் யாருன்னு தெரியணும்ல."

ஆறு வருடமாக முகம் எடுக்காதவள், எடுத்தேன். அவர் கேமராவைப் பார்த்து வணக்கம் சொன்னார். பதினோரு வருஷத்துக்கு முன்னாடி இதே வாஷரைப் பத்தி ஒரு தப்பு சொல்லிட்டேன், மன்னிக்கணும் என்றார். வாஷரைத் தூக்கிப் பிடித்து, வாயை ஒரு விரலால் சுற்றிக் காட்டி, மேலே, மேலே என்று இரண்டு முறை சொன்னார். கை நடுங்கியதால் போல்ட்டை முடுக்க நேரம் எடுத்தது. நான் உதவப் போகவில்லை, போனால் திட்டுவார். அப்புறம் ஒரு சொம்புத் தண்ணீரை ஊற்றிவிட்டு அடிக்க ஆரம்பித்தார்.

இருபது அடி. முப்பது. உள்ளேயிருந்து காற்று கொப்பளிக்கிற சத்தம். வீட்டுக்கார அம்மா வாசற்படியில் நின்று வாயில் கை வைத்தபடி பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு செம்மண் நிறத்தில் கொஞ்சம் துப்பியது, நின்றது, மறுபடி துப்பியது, அப்புறம் நிற்காமல் வந்தது. அந்த அம்மா குடம் எடுக்க உள்ளே ஓடினார்.

அப்பா கையை நிறுத்தவில்லை. மூச்சு வாங்க என்னைத் திரும்பிப் பார்த்து, "ஓடுதா?" என்றார்.

தண்ணீரைக் கேட்கவில்லை. என் கையிலிருந்த ஃபோனைக் கேட்டார்.